3 ஏக்கர் நிலமும் 5 வட்டியும்

எங்களுக்கு 3 ஏக்கர் நிலம் இருந்தது. ராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூர் பக்கம். வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் நெல்லும் மிளகாயும் விளையும். பெய்யாவிட்டால் ஆடு மாடு மேயும். ஆனாலும் ஊரில் யாரைக் கேட்டாலும் "அவுகளுக்கென்ன, காடு கரை இருக்கு" என்றுதான் சொல்வார்கள். அந்த 3 ஏக்கரை வைத்துக்கொண்டேதான் நாங்கள் ஏழையானோம்.

எப்படி ஆனோம் என்பது எனக்கு மாதக் கணக்காகத் தெரியும். பிளஸ் டூ முடித்த கையோடு, 2001-ல் எங்கள் தெரு மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுத என்னை உட்கார வைத்தார்கள். உள்ளூரிலேயே வாக்கப்பட்டதால் அந்த நோட்டுகள் இன்னும் என்னிடமே இருக்கின்றன. யார் எதற்குக் கடன் கேட்டார்கள், எப்போது கட்டினார்கள், எப்போது நின்றார்கள் என்று 20 வருடத்துக்கும் மேலான எழுத்து. ஏழ்மையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அந்த நோட்டுகளில் இருந்து வந்ததுதான்.

2003 ஆடி மாதம் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று சொல்லி அறுவைச் சிகிச்சை செய்தோம். அரசு ஆஸ்பத்திரியில் தேதி தள்ளிக்கொண்டே போனது. அம்மாவுக்கோ ரத்தப்போக்கு நிற்கவில்லை. பயந்துபோய் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய் ஆனது. கையில் இருந்தது 2,000. 2002-ல் மழை பொய்த்துப்போயிருந்த நேரம் அது. எங்கள் குழுவோ இரண்டு வயதுப் பிள்ளை. 16 பேர் மாதம் 30 ரூபாய் போட்டுச் சேர்த்தது மொத்தமே 11,000 சொச்சம். அதிலும் பாதி கடனாக வெளியே இருந்தது. வங்கிக் கடன் இன்னும் வரவில்லை. அப்பா எங்கள் மிளகாய் வத்தல் வாங்கும் கமிஷன் கடைக்காரரிடம் போய் 20,000 வாங்கி வந்தார். 5 வட்டி.

வெளியூர்க்காரர்களுக்கு 5 வட்டி என்றால் என்னவென்று பிடிபடாது. 100 ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய். வருடத்துக்கு 60. 20,000-க்கு மாதம் 1,000 ரூபாய் வட்டி மட்டும். அன்றைக்கு எங்கள் ஊரில் ஒரு பெண் நாள் முழுக்கக் களை எடுத்தால் 40 ரூபாய். 25 நாள் கூலி வட்டிக்கே போகும். ஆபரேஷன் ஆன உடம்போடு நாலாவது மாதமே அம்மா களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வேண்டாம் என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

வட்டி வெளியே தெரிந்தது. வெளியே தெரியாத இன்னொன்றும் இருந்தது. கடன் கொடுத்தவரிடமே வத்தலைப் போட வேண்டும். சந்தையில் கிலோ 40 ரூபாய் போனபோது எங்களுக்கு 34 கிடைத்தது. ஒரு ஏக்கரில் 400 கிலோ என்று வைத்தால் வருடத்துக்கு 2,400 ரூபாய் அங்கே போயிற்று. அதையும் சேர்த்தால் 60 வட்டி 72 ஆகிறது. எடையில் கழிப்பது, சாக்குக்குக் கழிப்பது எல்லாம் தனி. அப்பா ஒருநாளும் அவரைக் குறை சொன்னதில்லை. "அவசரத்துக்குக் குடுத்த மனுசன்" என்பார். அதுவும் உண்மைதான். வேறு யாரும் கொடுக்கவில்லை. கந்து வட்டியைத் தடை செய்து தமிழ்நாட்டில் சட்டம் வந்ததும் அதே 2003-ல்தான். யார் போய்ப் புகார் கொடுப்பது? அடுத்த வருடம் விதைக்கும் உரத்துக்கும் அவரிடமே போய் நிற்க வேண்டும்.

41 மாதம் கட்டினோம். 41,000 ரூபாய். அசல் 20,000 அப்படியே நின்றது. நடுவில் என் தம்பி பத்தாம் வகுப்பு முடித்தான். 500-க்கு 412 மார்க். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான், வட்டி கட்ட. அவன் அனுப்பிய பணம்தான் மாதா மாதம் கமிஷன் கடைக்குப் போனது. கிராமத்து ஏழ்மைக்குக் காரணம் என்னவென்று கேட்கிறவர்களுக்கு மழை, மண், மக்கள்தொகை, குடி என்று பதில் சொல்கிறார்கள். எல்லாமே உண்மை. ஆனால் என் நோட்டில் ஏழையாகிப்போன வீடுகளைப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு, அதற்கு வாங்கிய வட்டி, அந்த வட்டிக்காகப் படிப்பை விட்ட ஒரு பிள்ளை, இந்த மூன்றும் ஒரே வரிசையில் வருகின்றன. வருமானம் குறைந்ததால் விழுந்த வீடுகளைவிட, நடந்துகொண்டிருந்தபோது தடுக்கி விழுந்த வீடுகள்தான் அதிகம்.

எங்களை அந்தக் கடனில் இருந்து வெளியே எடுத்தது குழு. சுய உதவிக் குழு தமிழ்நாட்டில் தொடங்கியது 1989-ல், தர்மபுரி மாவட்டத்தில். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு வந்த திட்டம். 1992-93-ல் ராமநாதபுரத்துக்கு வந்தது. அப்புறம் 1997-98-ல் மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் பரவியது. எங்கள் குழுவுக்கு முதல் பெரிய வங்கிக் கடன், 1,00,000 ரூபாய், 2007 தை மாதம் கிடைத்தது.

அன்றைக்கு நடந்த கூட்டத்தை மறக்க முடியாது. 16 பேருக்கும் ஆளுக்கு 6,250 என்று பங்கு போடுவதாகத்தான் பேச்சு. எல்லாக் குழுவிலும் அப்படித்தான் செய்தார்கள், இன்றைக்கும் செய்கிறார்கள். சண்டை வராது என்று ஒரே காரணம். ஆனால் 6,250 ரூபாயில் யாருக்கும் எதுவும் ஆகாது. வீட்டுச் செலவில் கரைந்துபோகும், தவணை மட்டும் மிஞ்சும். நான் ஒரு தாளில் கோடு போட்டு, ஒவ்வொருத்தர் வீட்டிலும் வெளியே எவ்வளவு கடன், என்ன வட்டி என்று எழுதலாம் என்று கேட்டேன். முதலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. கடனைச் சபையில் சொல்வது மானப் பிரச்சினை. கடைசியில் எங்கள் பெரியாத்தா ஒருவர்தான், "எழுதுத்தா, எனக்கு 8,000, 4 வட்டி. வெளிய தெரியாததா என்ன" என்று ஆரம்பித்து வைத்தார். ஒரு மணி நேரத்தில் தாள் நிறைந்தது. 5 வட்டிக்காரர்கள் நாலு பேர், 3, 4 வட்டிக்காரர்கள் ஆறு பேர், மீதிப் பேருக்கு நகை அடகுதான்.

அந்த 5 வட்டி நாலு பேருக்கு முதலில் கொடுப்பது என்று முடிவானது. அவர்கள் கட்டக் கட்ட அடுத்தவர்களுக்கு. அம்மாவுக்கு 20,000 வந்தது. குழுவில் அப்போது 2 வட்டி. வங்கிக்குக் கட்டியது போக மிச்சம் குழுவுக்கே வரும். அம்மா கட்டிய பணம் மாறவேயில்லை, அதே மாதம் 1,000 ரூபாய்தான். 41 மாதத்தில் ஒரு ரூபாய் அசல் குறையாத கடன், 26-வது மாதம், 2009 மார்ச்சில் முடிந்தது. இதையே 1 வட்டிக்குக் கொடுத்திருந்தால் 23 மாதம்தான். இந்தக் கணக்கை நான் எத்தனை வீட்டுத் திண்ணையில் போட்டுக் காட்டியிருப்பேனோ தெரியாது. படிக்காதவர்களுக்கும் உடனே புரிகிறது. புதுத் தொழில் தொடங்கு, ஆடு வாங்கு, மாடு வாங்கு என்று சொல்வதற்கு முன்னால், எந்த வட்டி அதிகமோ அந்தக் கடனை முதலில் மாற்று என்று சொல்ல வேண்டும். மாதம் 1,000 ரூபாய் லாபம் தரும் மாடு எங்கள் ஊரில் சுலபமாகக் கிடைக்காது. மாதம் 1,000 ரூபாய் வட்டியை நிறுத்துவது கிடைக்கும்.

அதே வருடம் தனியாக ஒரு மருத்துவ நிதி தொடங்கினோம். சேமிப்போடு ஆளுக்கு மாதம் 20 ரூபாய், வருடத்துக்கு 3,840. வட்டி கிடையாது, ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் எடுக்க வேண்டும். இவ்வளவு சின்னத் தொகை எதற்கு ஆகும் என்று பலர் கேட்டார்கள். அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். பஸ்ஸுக்கும், கூட இருப்பவர் சாப்பாட்டுக்கும், போகிற கூலிக்கும் யார் கொடுப்பது? அதற்கு வழியில்லாமல்தான் நோயைத் தள்ளிப்போட்டு, முற்றியதும் தனியாருக்கு ஓடுகிறோம். முதல் நாளே போக 1,500 ரூபாய் கையில் இருந்தால் பாதி ஆபத்து குறையும். நோட்டில் அந்த நிதியில் இருந்து எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் எடுத்தது 2,000-க்குள்தான்.

2009-ல் அரசு காப்பீட்டுத் திட்டம் வந்தது பெரிய ஆறுதல். இன்றைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் சிகிச்சை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆனால் அட்டையை நோய் வந்த பிறகு தேடுகிறார்கள். அதனால் நாங்கள் வருடா வருடம் ஆனி மாதக் கூட்டத்தில் எல்லார் அட்டையையும் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்போம். கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் ரேஷன் கார்டில் ஏறவில்லை என்றால் அட்டையிலும் வராது. பிரசவத்துக்கு முன்பே ஏற்றிவிட வேண்டும். இந்த ஒரு வேலைக்காகவே ஒரு நாள் ஒதுக்கலாம்.

100 நாள் வேலை எங்கள் மாவட்டத்துக்கு 2008-ல் வந்தது. அப்போது நாளுக்கு 80 ரூபாய். அதைப் பற்றிக் கேலி பேசுகிறவர்கள் பங்குனி, சித்திரையில் எங்கள் பக்கம் வந்து பார்க்க வேண்டும். வயலில் ஒரு வேலையும் இருக்காது. ஆண்கள் சீமைக் கருவேல் வெட்டி மூட்டம் போடப் போவார்கள். விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் மூடி, உள்ளே தீ வைத்து, அது கரியாகும் வரை ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மண் மூடியதில் ஒரு இடம் விட்டுப்போனால் மொத்தமும் சாம்பல். அந்தக் கருவேல் மரம்தான் எங்கள் கண்மாய்களைத் தூர்த்தது, அதே மரம்தான் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றியது. இரண்டையும் சொல்லாமல் அதைப் பற்றிப் பேசக் கூடாது. மூட்டத்துக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வேறு மாவட்டம் போனவர்கள் உண்டு. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் 15,000 வாங்கிக்கொண்டு போய், மூன்று வருடம் வீடு திரும்பவில்லை. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அதோடு போயிற்று. முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்து வைத்தால் அது கொத்தடிமை. 1976 சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் விடுவிக்க வேண்டும். அப்போது எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது.

100 நாள் வேலை வந்த பிறகு முன்பணம் வாங்குவது எங்கள் தெருவில் குறைந்தது. கூலி வரத் தாமதம் ஆகும், அது பெரிய குறைதான். ஆனாலும் பெண்கள் கையில் பணம் அவர்கள் பெயரிலேயே வந்தது. களைக் கூலியும் ஏறியது. அத்தோடு ரேஷன் அரிசி. 2008-ல் கிலோ 1 ரூபாய், 2011 ஜூனில் இருந்து இலவசம். அரிசிக்குக் கைமாத்து கேட்டு வருவது என் நோட்டில் அதற்கு அப்புறம் ஏறக்குறைய இல்லை.

எங்கள் வீட்டின் இரண்டாவது அடி 2016-ல் விழுந்தது. வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். புழுதியில் விதைத்த நெல் முளைத்ததோடு கருகியது. பயிர்க் காப்பீடு அந்த வருடம்தான் புது விதிகளோடு வந்திருந்தது. பக்கத்து வரப்புக்காரர் பதிந்திருந்தார், அவருக்கு இழப்பீடு வந்தது. எங்களுக்கு வரவில்லை. ஒரே கருகல், ஒரே வருவாய்க் கிராமம். எங்கள் நிலத்தின் பட்டா செத்துப்போன தாத்தா பெயரில் இருந்தது, அவ்வளவுதான். அதே காரணத்தால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனும் கிடைத்ததில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, 2003-ல் அப்பா கமிஷன் கடைக்குப் போனதற்கும் அந்தப் பட்டாதான் ஒரு காரணம் என்று. சங்கத்தில் விதைக்கும் உரத்துக்கும் கடன் கிடைத்திருந்தால் கடைக்காரரிடம் அவ்வளவு கட்டுப்பட்டிருக்க வேண்டியதில்லை.

பட்டாவை மாற்ற இரண்டு வருடம் ஆனது. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பலருக்கும் இதே கதைதான். தாத்தா இறந்தது 1994-ல். இறப்பைப் பதியவே இல்லை. ஒரு வருடம் தாண்டிய இறப்பைப் பதியத் தனியாக உத்தரவு வாங்க வேண்டும். அப்புறம் வாரிசுச் சான்றிதழ். அதில் பெரியப்பா, அப்பா, சித்தப்பா, அத்தை என நாலு பெயர். அத்தை பெயரை விட்டுவிடலாம், அவர் கேட்கவா போகிறார் என்று சித்தப்பா சொன்னார். அத்தை கேட்கவில்லைதான். புருஷனை இழந்து, பரமக்குடியில் இட்லிக் கடை வைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். சட்டப்படி அவருக்கும் சம பங்கு உண்டு. ஆனால் எங்கள் பக்கம் பெண்ணுக்கு நகை போட்டு அனுப்பியதோடு கணக்கு முடிந்ததாக நினைக்கிறார்கள். அவருக்குச் சம பங்கு கொடுக்க வேண்டும் என்று நான் சண்டை போட்டேன். முழுதாக ஜெயிக்கவில்லை. மடைப் பக்கம் 1 ஏக்கர் அத்தைக்கு என்று பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்தோம். அண்ணன் தம்பி மூன்று பேரும் சமமாக விட்டுக்கொடுத்ததில் எங்கள் பங்கில் 33 சென்ட் குறைந்தது. 2019-ல் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வந்தது.

உங்கள் வீட்டில் நிலம் இருந்தால், பட்டா யார் பெயரில் என்று இன்றைக்கே பாருங்கள். இணையத்திலேயே சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, அண்ணன் தம்பி பேசிக்கொள்ளும்போதே பிரித்துப் பதிந்துவிடுங்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பத்தில் இந்த வேலை நடப்பதேயில்லை. சம்பா நெல்லுக்குக் காப்பீடு பதிய வழக்கமாக நவம்பர் நடுவில் கடைசித் தேதி வரும். அதற்கு அடங்கல், அதாவது நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் சான்று, வாங்கக் கடைசி வாரம் போனால் கிராம நிர்வாக அலுவலர் வீட்டு வாசலில் ஊரே நிற்கும்.

பட்டா வந்த பிறகு கூட்டுறவில் பயிர்க்கடன் கிடைத்தது. கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. கமிஷன் கடைக்குக் கட்டுப்படாததால் வத்தலை மாசியிலேயே போட்டாக வேண்டும் என்ற நெருக்கடியும் இல்லை. எங்கள் குண்டு வத்தலுக்கு, ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு, 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்கே சந்தோஷம். ஆனால் காய்ந்த அன்றே விற்க வேண்டிய நிலையில் இருப்பவருக்குக் குறியீட்டால் ஒன்றும் ஆகாது. அரசு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் வத்தலை வைத்து, அதன் பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். அவசரச் செலவை அதில் பார்த்துக்கொண்டு, விலை ஏறும்போது விற்கலாம். எங்கள் ஊரில் ஆறேழு வீடுகள் சேர்ந்து ஒரே வண்டியில் ஏற்றிப்போகிறோம். தனியாகப் போனால் வண்டி வாடகை கட்டாது.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும், இதில் எனக்கும் பங்கு உண்டு. கடன் சுலபமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, குழுவில் இருந்தவர்களே வாரத் தவணைக் கம்பெனிகளிலும் வாங்கினார்கள். ஒன்றை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மூன்றாவது. என் நோட்டில் தவணை சரியாக வந்துகொண்டிருந்ததால் நான் கேட்கவில்லை. அந்தத் தவணை எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். 2020 ஊரடங்கில் கூலி நின்றது. தளர்வு வந்த உடனே வசூல்காரர்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். எங்கள் குழுப் பெண் ஒருத்தி வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு பின்வாசலில் ஒளிந்திருந்தாள். நாலு கம்பெனிக்கும் சேர்த்து வாரம் 2,900 ரூபாய் தவணை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் கூலியும் அதற்கே பத்தாது.

அதற்கு அப்புறம்தான் பழைய தாளை மறுபடி எடுத்தேன். இப்போது வருடத்துக்கு இரண்டு முறை, பணம் அதிகம் தேவைப்படும் ஆனியிலும் புரட்டாசியிலும், எல்லாரும் எல்லாக் கடனையும் சொல்ல வேண்டும். மறைத்தால் அடுத்த கடன் கிடையாது. நுண்கடனில் மாதத் தவணை எல்லாம் சேர்ந்து வீட்டு வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி கொண்டுவந்தது. கம்பெனி அதைப் பார்க்கிறதோ இல்லையோ, நாங்கள் பார்க்கிறோம். வசூலுக்கு வந்து மிரட்டினால் தண்டிக்க 2025-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. அதைப் பெரிய எழுத்தில் எழுதிக் குழு கூடும் இடத்தில் ஒட்டியிருக்கிறேன்.

போன ஆனியில் அந்தத் தாளில் ஒரு புது வரி ஏறியது. குழுப் பெண் ஒருத்தியின் புருஷன் பைக்கில் இருந்து விழுந்து கால் முறிந்ததற்காக 20,000 ரூபாய், 5 வட்டி. 22 வருடம் முன்னால் நாங்கள் வாங்கிய அதே தொகை, அதே வட்டி. மூத்த பையன் பத்தாவது முடித்துவிட்டுக் கோயம்புத்தூரில் வேலைக்குப் போகத் துணிமணி எடுத்து வைத்திருந்தான். அன்று சாயங்காலமே குழுவைக் கூட்டி, 1 வட்டிக்கு 20,000 கொடுத்தோம். மறுநாள் நானும் அவளும் போய் அந்தக் கடனை அடைத்து, எழுதிக் கொடுத்த நோட்டை வாங்கிக் கிழித்தோம். அதே வாரம் பையனைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்தாள். மாதம் 1,000 கட்டுகிறாள். 9 தவணை முடிந்திருக்கிறது, இன்னும் 14 இருக்கிறது.